மூலைத் தூண்

கெத்தின் திருப்புளியை அழுத்தக்கூட இல்லை. தூணின் அடிப்பக்கத்தில் முனையை வைத்தான், அவ்வளவுதான். அது கைப்பிடி வரை உள்ளே இறங்கிவிட்டது. அதை அங்கேயே குத்தி விட்டுவிட்டு எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டான்.

"ரோவினா, கொஞ்சம் உக்காருறீங்களா?"

"நின்னுக்கிட்டே கேக்குறேன். சொல்லு."

"இந்தத் தூணுக்குள்ள மரமே இல்ல. மேல இருக்குற மாடியும் கூரையும் ஏதோ பழக்கதோஷத்துல நிக்குது."

ரோவினா பக்லி சட்டென்று மேலே பார்த்தாள். கருத்த ஓக் உத்தரங்கள் வழக்கம்போல் அசையாமல் கிடந்தன. ஹெரிஃபோர்ட் பக்கத்தில், நெதர்கோம்ப் கிராமத்தில், 'முயலும் மணியும்' என்ற அந்தப் பப்பை அவளும் அவள் கணவன் நெவிலும் முப்பத்தோரு வருஷமாக நடத்திவருகிறார்கள். கட்டடத்துக்கு ஐந்நூறு வயதுக்கு மேல். புகைபோக்கி இல்லாத காலத்தில் கூடத்தின் நடுவே தரையில் தீ மூட்டியிருக்கிறார்கள்; அந்தக் கரி இன்னும் கூரைக் கழிகளில் ஒட்டியிருக்கிறது. பிறகு யாரோ கூடத்துக்குக் குறுக்கே ஒரு மாடியைப் போட்டார்கள். அந்த மாடியைத் தாங்கும் உத்தரத்தில்தான் வருகிற ஒவ்வொருவரும் நெற்றியை இடித்துக்கொள்வார்கள். "தலை பத்திரம்" என்று ஒரு பலகை மாட்டினாள். பலகையில் இடித்துக்கொண்டார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு அது அழகு. கருப்புச் சட்டங்களும் நடுவே வெள்ளைச் சுவருமாக அதைப் படமெடுத்துத் தள்ளுவார்கள். ரோவினாவுக்கோ அது வீடு. ஒரு கதவும் அதன் நிலையில் பொருந்தாது. மழைக்காலத்தில் இழைத்துவிட்டால் கோடையில் இடுக்கு வழியாகப் பூனை போகும். மாடி அறைகளில் கட்டில்களுக்கு ஒருபக்கக் கால்களின் கீழே செங்கல். இல்லையென்றால் தூங்குகிறவர்கள் சுவரோரம் உருண்டுபோவார்கள்.

கெத்தின் தூணை ஒட்டியிருந்த வெள்ளைச் சுவரை விரலால் தட்டிப் பார்த்தான். கல்லைத் தட்டியது போல் கேட்டது. பழைய கட்டடங்களை மட்டுமே தொடுகிற தச்சன் அவன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவன் முகம் சுருங்கியது.

"சிமென்ட்டு. இத யாரு பூசினது?"

ரோவினா மெல்லத் திரும்பினாள். மதுமேடைக்குப் பின்னால் நெவில் ஏற்கெனவே துடைத்த கண்ணாடிக் கோப்பை ஒன்றை மிகவும் அக்கறையாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நெவில்," என்றாள்.

"கேக்குது."

"கெத்தின் ஏதோ கேக்குறான்."

"அது எப்பவோ நடந்தது," என்றான் நெவில். "அப்ப எல்லாரும் அதத்தான் பூசினாங்க."

எப்பவோ இல்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், ஏப்ரல் மாதம். ரோவினா தங்கையின் பிரசவத்துக்காகப் பத்து நாள் டென்பிக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது நெவில் வாசலில் நின்று அவள் கண்ணைப் பொத்தி அழைத்துப்போய்க் காட்டினான். உதிர்ந்துகொண்டிருந்த பழைய மண்சுவர்கள் எல்லாம் சிமென்ட்டில் வழவழவென்று நின்றன. அவள் அழுதாள். அதை அவன் ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டான். இன்றுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"குச்சி பின்னி மண்ணப் பூசி, மேல சுண்ணாம்பு அடிச்ச சுவரு, மழையில நனையும், வெயில்ல காஞ்சுடும்," என்றான் கெத்தின். "சிமென்ட்டு காய விடாது. ஓரத்துல ஒரு கீறல் விழுந்தா தண்ணி உள்ள போகும், வெளிய வர வழியில்ல. மரத்துக்கு மழக்கோட்டு மாட்டிவிட்டு, உள்ள குழாயத் தொறந்துவிட்ட கதைதான்."

நெவில் கோப்பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். அது மிகச் சுத்தமாக இருந்தது.

மறுவாரம் நகரசபையிலிருந்து பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி வந்தாள். பெயர் இமோஜென் தார்ப். முப்பது வயதுகூட இருக்காது. மிகவும் மரியாதையாகப் பேசுவாள். சொன்ன சொல்லிலிருந்து ஒரு அங்குலம் நகரமாட்டாள்.

"எதையும் தொடக்கூடாது, மிஸஸ் பக்லி. முதல்ல வரைபடம் வேணும், அப்புறம் விண்ணப்பம், அப்புறம் அனுமதி."

"அதுவரைக்கும் கீழ வரக்கூடாதுன்னு மாடிக்கு யாரு சொல்றது?"

"அதுக்குத்தான் முட்டுக் கொடுக்கச் சொல்றேன்."

அப்படித்தான் பப்பின் நடுவே இரண்டு இரும்பு முட்டுகள் வந்து நின்றன, சிவப்புச் சாயம் பூசி, திருகுகளோடு. எட்டு வாரத்தில் அனுமதி வரும் என்றாள் இமோஜென். எட்டு மாதம் ஆகியும் வரவில்லை. ஒரு வரைபடத்தில் சன்னல் விட்டுப்போயிற்று. இன்னொன்றில் வடக்குத் திசை தவறாக இருந்தது. ஒரு கடிதம் யாரோ ஒருவரின் விடுமுறையில் மாட்டிக்கொண்டது. ரோவினா தொலைபேசியில் காத்திருக்கும்போது ஒலிக்கும் இசையைப் பாத்திரம் கழுவும்போதும் முணுமுணுக்க ஆரம்பித்தாள். அதைக் கவனித்த அன்று தன்மீதே அவளுக்கு எரிச்சல் வந்தது.

இரும்பு முட்டில் முதலில் தொப்பியை மாட்டியவர் கிளெமென்ட் ஆடி. ஓய்வுபெற்ற தபால்காரர், தினமும் பதினொன்றரைக்கு வந்து கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். இந்தப் பப்பின் உத்தரங்கள் உடைந்துபோன ஸ்பானியக் கப்பலிலிருந்து வந்தவை என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வது அவர் பொழுதுபோக்கு. உத்தரங்களில் இருக்கும் வெற்றுத் துளைகளைக் காட்டி, "பீரங்கிய இதுலதான் கட்டிவெச்சிருந்தான்," என்பார்.

"அந்தத் துளைகள் ஒரு பழைய தடுப்புச் சுவரோடது, மிஸ்டர் ஆடி," என்றாள் இமோஜென் ஒருநாள், பொறுமையாக. "சுவரை எடுத்துட்டாங்க, துளை நின்னுடுச்சு. கடல் இங்கேருந்து ஐம்பது மைலுக்கு மேல. அவ்வளவு தூரம் உத்தரத்த இழுத்துட்டு வர்றவன், வழியில இருக்குற காட்டுல ரெண்டு மரம் வெட்டியிருக்க மாட்டானா?"

"நீ பொறக்குறதுக்கு முன்னாடியிலேருந்து நான் இதச் சொல்லிட்டு வர்றேம்மா," என்றார் கிளெமென்ட். அவரைப் பொறுத்தவரை அதுவே போதுமான சான்று. அன்று மாலையே ஒரு டச்சுத் தம்பதியிடம் இரும்பு முட்டுகளையும் அதே கப்பல் கணக்கில் சேர்த்துவிட்டார்.

பிப்ரவரியில் பத்து நாள் விடாமல் மழை. மூலையில் தரை சொதசொதவென்று ஊறியது. ஒரு சனிக்கிழமை மதியம், கூட்டம் நிறைந்திருந்த நேரம், நெவில் ஒரு வாளியோடு வந்து முட்டின் அடியில் குந்தினான்.

"என்ன பண்ற?" என்றாள் ரோவினா, கையில் நான்கு தட்டுகளோடு.

"முட்டு லேசா ஆடுது. அடியில கொஞ்சமே கொஞ்சம் சிமென்ட்டு வெச்சா…"

அவள் தட்டுகளைப் பக்கத்து மேசையில் வைத்தாள். அவை அந்த மேசைக்கு உரியவை அல்ல.

"நெவில் பக்லி. இந்த வீடு ஐந்நூறு வருஷம் நின்னுது. பிளேக்கு வந்துச்சு, சண்ட வந்துச்சு, தெருவே எரிஞ்சப்ப இது மட்டும் நின்னுது. அதக் கொல்றதுக்கு ஒரு வாளியோட நீ வர வேண்டியிருந்துச்சு. இருபத்தாறு வருஷமா நான் வாயத் தொறக்கல. இப்ப தொறக்குறேன். இந்த வீட்டக் கொன்னது நீதான்."

கிளெமென்ட் மீசையில் நுரையோடு அப்படியே இருந்தார். நெவில் எழுந்தான், வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாகப் போனான். பின்கதவு மழையில் ஊதியிருந்ததால் அதைத் தோளால் இரண்டுதரம் இடிக்க வேண்டியிருந்தது. கோபித்துக்கொண்டு கம்பீரமாக வெளியேறக்கூட அந்த வீடு ஒருவனை விடாது.

சொன்ன பிறகு ரோவினாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். இல்லை. நெவில் அவளோடு பேசுவதை நிறுத்தவில்லை. பேசினான், ஆனால் விருந்தாளியிடம் பேசுவது போல. "இன்னும் டீ வேணுமா?" "பீப்பா வந்துடுச்சு." அது கத்துவதைவிட மோசமாக இருந்தது.

மார்ச் முதல் வாரத்தில் அவன் யாரிடமும் சொல்லாமல் இமோஜெனுக்குத் தொலைபேசியில் பேசினான். சிமென்ட்டை மட்டும் எடுக்க அனுமதி உண்டா? உண்டு, ஆனால் இயந்திரம் கூடாது. கையால், சின்ன உளியால், மரத்தில் ஒரு கீறல் விழாமல். அடுத்த நாளிலிருந்து நெவில் தினமும் காலையில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அந்த மூலைச் சுவரின் முன்னால் உட்கார்ந்தான். டொக், டொக், டொக். ஒரு மணி நேரத்துக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு சிமென்ட் பெயர்ந்தது. மூன்று வாரம். விரல் முட்டிகளில் தோல் உரிந்து, அவன் கோப்பையை நீட்டும்போது வாடிக்கையாளர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்த டொக் டொக் சத்தம் ரோவினாவின் உயிரை எடுத்தது. நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. இரண்டாம் வாரத்தில் சமையலறை அலமாரியிலிருந்து களிம்பை எடுத்துப் போய் முக்காலிக்குப் பக்கத்தில் ஓசைப்பட வைத்துவிட்டு வந்தாள்.

"ரோவி," என்று அவன் கூப்பிட்டது மூன்றாம் வாரம் வியாழக்கிழமை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. "இங்க வா. இதப் பாரு. என்ன எழுதியிருக்கு?"

தூணின் மேல்பாதி நல்ல மரம். அதில் சாய்வாக ஒரு குறுக்குச் சட்டம் வந்து சேரும் இடத்தில், சிமென்ட் மூடியிருந்த ஓரத்தில், ஆழமான கீறல்கள். சட்டத்தில் நான்கு கோடுகள். தூணில் கூரான ஒரு கீறலும் அதை ஒட்டி ஒரு கோடும்.

கெத்தினுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவன் வந்து கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு அவன் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. ரோவினா பயந்துபோனாள்.

"என்ன? இன்னும் எது விழப்போகுது?"

"ஒண்ணும் விழல," என்றான் கெத்தின், சிரிப்பை அடக்க முடியாமல். " இது தச்சன் போட்ட எண்ணு. அந்தக் காலத்துல எல்லாச் சட்டத்தையும் தச்சன் தன் முற்றத்துல படுக்கவெச்சே வெட்டிப் பொருத்திப் பாப்பான். எதுக்கு எது ஜோடின்னு எண்ணு கீறி, பிரிச்சு, வண்டியில ஏத்திக் கொண்டாந்து நிறுத்துவான். நாலுக்கு நாலு, ஆறுக்கு ஆறு. இங்க பாருங்க, சட்டம் நாலு. தூண்ல இந்தக் கூர் அஞ்சு, கோடு ஒண்ணு; ரோமன் எண்ணுல ஆறு."

"அதனால?"

"உங்க கிடங்குல இதுக்கு எதிர் மூலைத் தூண் இருக்குல்ல? அதப் பாக்கணும்."

கிடங்கில் உருளைக்கிழங்கு வறுவல் பெட்டிகளை நகர்த்தினார்கள், மூன்று பேரும் தும்மிக்கொண்டு. அங்கே தூணில் நான்கு கோடுகள். அதன் தலைப்பக்கம் முரட்டுத்தனமாக அறுத்து, உத்தரத்தில் செருகும் கழுந்து புதிதாகச் செதுக்கப்பட்டிருந்தது. கெத்தின் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்தே விட்டான்.

"தரை சரிவு. பள்ளத்து மூலைக்கு நீளத் தூணு, மேட்டு மூலைக்குக் குட்டத் தூணு. அவன் மாத்தி நட்டுட்டான்! நீளமா இருந்தத இங்க அறுத்துட்டான். குட்டையா இருந்ததுக்கு அங்க அடியில ஒரு கட்டய வெச்சுத் தூக்கிட்டான். கட்ட உயரம் பத்தல போல. அதான் உங்க மாடி அந்தப் பக்கம் சாயுது. வயசானதால சாயல, ரோவினா. கட்டின அன்னிக்கே சாஞ்சது. தண்ணி நிக்குறதும் அந்தக் கட்ட மேலதான்."

நெவில் நிமிர்ந்தான். கிடங்கின் தாழ்ந்த விட்டத்தில் தலையை இடித்துக்கொண்டான். அது அவனுக்கு வலித்ததாகவே தெரியவில்லை.

"அப்ப தப்பு என்னோடது இல்ல."

"பாதி உன்னோடதுதான்," என்றான் கெத்தின். "அவன் கட்டயில தண்ணிய நிக்கவெச்சான். நீ மூடி போட்ட."

"பாதி!" என்றான் நெவில், பதக்கம் வாங்கியவன் போல. அன்று இரவுக்குள் ஊர் முழுக்க அந்தப் பாதி பரவிவிட்டது.

ரோவினா கிடங்கிலேயே சற்று நேரம் நின்றாள். முப்பத்தோரு வருஷமாகக் கட்டில் கால்களுக்கு அவள் வைத்த செங்கற்கள், இழைத்த கதவுகள், உருண்டோடிய முட்டைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் மதியத்துக்குள் வேலையை முடிக்கும் அவசரத்தில் எண்ணைப் பார்க்காமல் தூணை நட்டுவிட்டு, கீழே ஒரு கட்டையைச் செருகி, "யாரு கண்டுக்கப் போறாங்க" என்று கைகளைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறான். அவனுக்கும் ஒரு மனைவி இருந்திருப்பாள். அவள்மேல் ரோவினாவுக்கு அளவுகடந்த இரக்கம் வந்தது.

இமோஜென் மறுநாளே வந்தாள். கீறல்களைப் பார்த்ததும் அவள் முகம் குழந்தை முகமாகிவிட்டது. ஐம்பது படம் எடுத்தாள். பிறகு நிமிர்ந்து, "விண்ணப்பத்த மறுபடி போடணும்," என்றாள்.

"என்னது?"

"இது ரொம்ப முக்கியமான சான்று, மிஸஸ் பக்லி. பழைய வரைபடத்துல இது இல்ல. அப்புறம், புதுசா ஒட்டுப்போடுற கீழ்ப்பாதி இதே நீளத்துலதான் இருக்கணும். அடிக்கட்டையும் வேணும்."

கெத்தின் தொண்டையைச் செருமினான். "அதாவது, தப்ப அளந்து, தப்பாவே வெட்டணுமா?"

"இருந்தது இருந்தபடி. தப்பும் கட்டடத்தோட வரலாறுதான்."

"அந்தக் கட்டயாலதான் தூணே அழுகுச்சு!" என்றாள் ரோவினா. அவள் குரல் கிரீச்சிட்டது. "சரியான நீளத்துல ஒரு தூண வெச்சா மாடி நேராகும், தண்ணி நிக்காது. எல்லாரும் செத்துப்போன பிறகும் அந்த ஆளு பண்ண கோளாற நாங்க கட்டிக்காக்கணுமா?"

"மாடிய இப்ப நேராக்கினா மத்த மூட்டெல்லாம் விட்டுடும்," என்று இமோஜென் மெல்லச் சொன்னாள். "எல்லாமே ஐந்நூறு வருஷமா அந்தச் சாய்வுக்குப் பழகிடுச்சு."

கெத்தின் வேண்டா வெறுப்பாகத் தலையை ஆட்டினான். அது உண்மைதான்.

இப்போது நெவில் கேட்டான், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு: "அப்ப என் சிமென்ட்டு வரலாறாக இன்னும் எத்தன வருஷம் ஆகும்?"

இமோஜென் யோசித்தாள். அவளும் அதை உண்மையான கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள். "நூறு வருஷம் கழிச்சுக் கேட்டீங்கன்னா பரிசீலிக்கலாம்."

முதலில் சிரித்தது கெத்தின். ரோவினா சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள்; முடியவில்லை. சிரித்து, கண்ணைத் துடைத்து, நெவிலின் தோளில் ஒரு அடி வைத்தாள். பலமான அடிதான். அவன் முகம் மலர்ந்துபோயிற்று.

"நீ கொன்னுட்டேன்னு நான் சொல்லியிருக்க வேணாம்," என்றாள் பிற்பாடு சமையலறையில், அவனைப் பார்க்காமல் காரட்டைச் சீவிக்கொண்டே.

"பாதி கொன்னேன்னு சொல்லியிருக்கலாம்."

"ஆரம்பிக்காத."

அனுமதி ஜூலையில் வந்தது. கெத்தின் பச்சை ஓக் மரத்தைக் கொண்டுவந்து, அழுகிய கீழ்ப்பாதியை அறுத்தெடுத்து, புதுத் துண்டை மேல்பாதியோடு பல்லுக்குப் பல் கோத்து மர ஆணி அடித்தான். அடியில் அதே உயரத்தில் ஒரு கட்டை. ஆனால் அதற்கும் தூணுக்கும் நடுவே ஈயத்தகடு ஒன்று, இனி தண்ணீர் வழிந்தோடும்படி. அந்தத் தகட்டுக்கு மட்டும் இமோஜென் மூன்று மின்னஞ்சல் எழுதினாள். சுவருக்குக் குச்சி பின்னி மண் பூசினார்கள். மண்ணை மிதித்துக் குழைத்தது நெவில்தான், முழங்கால்வரை சேற்றோடு, வைக்கோலும் சாணமுமாக. இரண்டு நாள் அவனுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இரும்பு முட்டுகளை எடுத்தபோது கட்டடம் ஒரு சின்ன முனகல் கொடுத்துவிட்டு அமைதியானது. தொப்பி மாட்ட இடமில்லாமல் போனதைப் பற்றிக் கிளெமென்ட் ஒரு வாரம் குறைபட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மேசைகூடக் காலியில்லை. ரோவினா வறுத்த மாட்டிறைச்சித் தட்டுகளோடு சமையலறைக் கதவைத் தாண்டியபோது மூலையிலிருந்து துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். இரண்டு பேர் மேசைக்கடியில் போய்விட்டார்கள். ஒரு குழந்தை அழுதது. புதுத் தூணில் மேலிருந்து கீழாக விரல் நுழையும் அளவு ஒரு வெடிப்பு.

அவள் தட்டுகளை வைத்துவிட்டு நேரே தொலைபேசிக்குப் போனாள்.

"கெத்தின்! உன் தூணு பொளந்துடுச்சு!"

மறுமுனையில் மெல்லும் சத்தம். அவனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "பொளக்கல. காயுது. பச்ச ஓக்கு அப்படித்தான். ரெண்டு வருஷம் அப்பப்ப வெடிக்கும். பலம் குறையாது."

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

அவள் தொலைபேசியை வைத்தாள். கூடத்தில் கிளெமென்ட் ஏற்கெனவே எழுந்து நின்று, அதிர்ந்துபோயிருந்த ஒரு குடும்பத்திடம் பீரங்கியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னான்?" என்றான் நெவில்.

"ரெண்டு வருஷம் வெடிக்குமாம், முன்னறிவிப்பு இல்லாம."

நெவில் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "பழகினதுதான்," என்றான்.

ரோவினா அவன் கையில் குழம்புக் குடுவையைத் திணித்தாள். "சன்னலோர மேசை. இறைச்சி ஆறுது. போ."